இயந்திரத்தை வினாவும் உரிமை: கணினியின் உள்ளமைப்பை அறியும் கருவிகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

ஒரு கணினியின் உள்ளே இருப்பவை யாவை என்பதை அக்கணினியிடமே கேட்டறிதல் இன்று எவருக்கும் இயலும் காரியமாகும். விண்டோஸ் பணிசெயல் முறைமையில் 'எம்எஸ்இன்போ32' எனத் தட்டெழுதினால் நுண்செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, தாய்ப்பலகையை ஆக்கிய கம்பனி, பொருத்தப்பட்டுள்ள சாதனங்கள் ஆகியன அட்டவணையாக விரிகின்றன. கட்டளை வரியில் இடப்படும் 'சிஸ்டம்இன்போ' என்ற சொல்லும் ஏறத்தாழ இதே பணியைச் செய்யும். லினக்ஸ் முறைமையில் 'எல்எஸ்சிபியூ', 'எல்எஸ்பிசிஐ' ஆகிய கட்டளைகள் உள. அப்பிள் கணினிகளிலும் இதற்கெனத் தனிச் செய்நிரல் உண்டு. இவை வேறாக விலைகொடுத்துப் பெறவேண்டியன அல்ல. பணிசெயல் முறைமையுடன் கூடவே வருவன.

இவை மிகச் சிறிய கருவிகள். அதனாற்போலும் கணினியின் வரலாறு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. எந்த ஆண்டில் எந்த இயந்திரம் எத்துணை வேகம் பெற்றது, எந்தத் தனிமனிதர் எதனைக் கண்டுபிடித்தார் என்பனவே வரலாறாக எழுதப்பட்டு வருகின்றன. ஆயின் இயந்திரம் தன்னைப் பற்றித் தானே கூறும் ஆற்றலை எப்பொழுது பெற்றது, யாருடைய தேவைக்காகப் பெற்றது, அது யாருக்கு விடை கூறுகிறது ஆகிய வினாக்களை எழுப்பும்பொழுது, இச்சிறு கருவிகளினூடே ஒரு பெரிய சமூக உறவு புலப்படக் காண்கிறோம். உற்பத்திச் சாதனத்தைப் பயன்படுத்துபவருக்கும் அதனைப் பற்றிய அறிவை உடைமையாகக் கொண்டிருப்பவருக்கும் இடையிலான உறவே அது.

மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட 'மூலதனம்' முதலாம் தொகுதியின் இயந்திரம் பற்றிய அத்தியாயத்தில், இயந்திரத்துள் திரண்டுள்ள அறிவு தொழிலாளியின் எதிரே அந்நியமானதோர் ஆற்றலாக நிற்பதை எடுத்துக்காட்டினார். ஹரி பிரேவர்மன் 1974 இல் வெளிவந்த தமது நூலில், சிந்தித்தல் ஒருபுறமும் செய்தல் மறுபுறமுமாகப் பிரிக்கப்படுதல் காரியாலய வேலைக்கும் கணினி வேலைக்கும் எவ்வாறு பரவியது என்பதை ஆராய்ந்தார். கணினியின் உள்ளமைப்பை அறியும் கருவிகளின் வரலாற்றை இப்பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்கருவிகள் சில காலகட்டங்களில் அவ்வறிவைப் பயன்படுத்துபவரின் கைக்கு மீட்டன. வேறு காலகட்டங்களில் அவரையே ஆராயப்படும் பொருளாக்கின. இரண்டும் ஒரே கருவியில் நிகழ்ந்தன என்பதே எமது கருத்து.

2. வாடகை இயந்திரம்

1964 ஏப்பிரல் 7 ஆந் திகதி ஐ.பி.எம். கம்பனி சிஸ்டம்/360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அக்காலத்தில் வங்கிகளும் அரசாங்கத் திணைக்களங்களும் பெருங் கம்பனிகளும் கணினிகளைப் பெரும்பாலும் மாத வாடகைக்கே பெற்றன. வாடகைக்கு மட்டுமன்றி விற்பனைக்கும் இயந்திரங்களை வழங்கவேண்டும் என 1956 ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத் தீர்ப்பு அக்கம்பனியைக் கட்டாயப்படுத்தியிருந்தும் வழக்கம் உடனடியாக மாறிவிடவில்லை. இயந்திரத்தின் உடைமை கம்பனியிடம் இருந்தமையால் அதன் உள்ளமைப்புப் பற்றிய அறிவும் கம்பனியிடமே இருந்தது. பழுது ஏற்படுமிடத்து வாடிக்கையாளர் பேழையைத் திறப்பதில்லை. கம்பனியின் பொறியியலாளரே வந்து திறப்பார்.

அவ்வியந்திரங்கள் தம் உள்ளமைப்பைத் தாமாகக் கண்டறியும் வல்லமை உடையனவாகவும் இருக்கவில்லை. எத்தனை நாடாக் கருவிகள், எத்தனை அச்சுப்பொறிகள், அவை எந்தெந்த முகவரிகளில் இணைக்கப்பட்டுள்ளன என்பவற்றையெல்லாம் முறைமை நிரலாளர் எழுத்தில் விவரித்துக் கொடுத்தபின்னரே அந்நிறுவனத்திற்குரிய பணிசெயல் முறைமை ஆக்கப்படும். சுருங்கக் கூறின், மனிதர் எழுதிய அட்டவணையை இயந்திரம் நம்பியது. இயந்திரத்தை அறிந்தவர் இருந்தார். அறிவு அவருடைய தலையிலும் தாளிலும் இருந்தது.

இந்நிலையில் ஒரு மாற்றம் நேர்ந்தது. 1969 யூன் மாதத்தில் ஐ.பி.எம். கம்பனி மென்பொருளையும் சேவைகளையும் வன்பொருளிலிருந்து பிரித்து விலையிடப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்காயிற்று. அடுத்த ஆண்டில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/370 குடும்பத்தின் கட்டளைத் தொகுதியிலே, மைய அலகு தனது மாதிரியையும் தொடரிலக்கத்தையும் தானே எடுத்துரைக்கும் கட்டளையொன்று இடம்பெற்றது. மென்பொருள் உரிமம் குறித்த ஓர் இயந்திரத்தின் தொடரிலக்கத்தோடு பிணைக்கப்படும் வழக்கமும் பெருங்கணினி உலகிற் பரவலாயிற்று. இயந்திரம் தன் பெயரைத் தானே கூறக் கற்றுக்கொண்ட கட்டமும் மென்பொருள் விற்பனைச் சரக்காகிய கட்டமும் அடுத்தடுத்து வந்தமை மனங்கொளத்தக்கது. ஒன்றே மற்றதன் ஒரே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. எனினும் தொடரிலக்கத்தை உரைக்கும் இயந்திரம் வாடிக்கையாளருக்குப் பயன்பட்டதிலும் பார்க்க விற்பனையாளருக்குப் பயன்பட்டது என்பதை மறுத்தற்கில்லை.

3. மூலமும் உரையும்

இதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேறொரு மரபு தோன்றிற்று. 1969 இல் கென் தொம்சன், டெனிஸ் ரிட்சி ஆகியோர் தொடக்கிய யுனிக்ஸ் பணிசெயல் முறைமையே அது. அவ்வாய்வுகூடத்தின் உரிமையாளரான தொலைபேசிக் கம்பனி, 1956 ஆம் ஆண்டு அதன்மீதும் விதிக்கப்பட்ட தனியானதோர் இணக்கத் தீர்ப்பின்படி தொலைத்தொடர்புக்குப் புறம்பான வியாபாரத்தில் ஈடுபட இயலாதிருந்தது. எனவே யுனிக்ஸை அது சரக்காக விற்கவில்லை. சிறு கட்டணத்துக்கு மூலநிரலுடன் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. அறிவு பொதுவானதற்குத் தனிமனிதரின் தாராள மனம் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் ஏகபோகத்தின்மீது அரசு இட்ட தளையே அதற்கு அடிப்படையாக அமைந்தது.

சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஜோன் லயன்ஸ், யுனிக்ஸின் ஆறாம் பதிப்பைத் தம் மாணவருக்குப் பாடமாக்கினார். பத்தாயிரம் வரிகளுக்கு உட்பட்ட அதன் கருநிரலை ஒரு தொகுதியாகவும், அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் அவர் அமைத்தார். மூலமும் உரையும் என்னும் முறையிற் பயின்ற எமக்கு இவ்வமைப்புப் புதியதன்று. ஒரு பணிசெயல் முறைமை முழுவதையும் ஒரு மாணவர் தொடக்கமுதல் இறுதிவரை வாசித்து விளங்கிக்கொள்ளலாம் என்பதை அவ்வுரை மெய்ப்பித்தது. ஆயின் 1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பிற் கற்பிப்பதைத் தடுத்தது. உரை நூல் கைக்குக் கை நிழற்படப் பிரதிகளாக உலவியது. முறைப்படி நூலாக வெளிவர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எமது பொருளோடு நேரே தொடர்புடைய வளர்ச்சியும் இம்மரபிலேயே நிகழ்ந்தது. 1984 இல் ரொம் கில்லியன், இயங்கிக்கொண்டிருக்கும் செயல்களைக் கோப்புகள்போலத் திறந்து பார்க்கலாம் என்னும் முறையை விளக்கி ஒரு கட்டுரை வாசித்தார். 'புரொக்' என்ற பெயருடைய அடைவு அதன் வடிவமாகும். பின்னர் லினக்ஸ் இம்முறையை விரித்து, நுண்செயலி, நினைவகம் முதலியன பற்றிய செய்திகளையும் அவ்வடைவிலே சாதாரண எழுத்துக் கோப்புகளாகத் தந்தது. இதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. இயந்திரத்தின் நிலையை அறியத் தனிப் பயிற்சியோ தனிச் சாதனமோ வேண்டியதில்லை. ஒரு கடிதத்தை வாசிக்கும் கட்டளையே போதும். இயந்திரம் வாசிப்புக்குரிய பனுவலாயிற்று.

மூலநிரலைக் கற்பிக்க விதிக்கப்பட்ட தடைக்கு எதிர்விளைவும் உண்டாயிற்று. நெதர்லாந்தில் ஆசிரியராயிருந்த அன்ட்ரூ தனென்பாம், மாணவர் தடையின்றி வாசிப்பதற்கென்றே 1987 இல் மினிக்ஸ் என்னும் சிறு முறைமையை எழுதி வெளியிட்டார். பின்லாந்து மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் மினிக்ஸைப் பயன்படுத்தியவாறே 1991 இல் லினக்ஸைத் தொடக்கினார். மினிக்ஸ் பற்றிய செய்தி பின்னரும் எமக்கு வேண்டப்படும்.

4. உதிரிப்பாகச் சந்தை

வீட்டிலும் சிறு காரியாலயத்திலும் உள்ளவர் இயந்திரத்தை வினாவவேண்டிய தேவை வேறொரு வழியில் வந்தது. 1981 ஓகஸ்ட் 12 இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினி, சந்தையிற் கிடைத்த உதிரிப்பாகங்களைக் கொண்டு விரைந்து ஆக்கப்பட்டது. நுண்செயலி இன்டெல் கம்பனியுடையது. பணிசெயல் முறைமை மைக்ரோசொப்ட் கம்பனியுடையது. சுற்றுப் படங்களையும் அடிப்படை உள்ளீட்டு-வெளியீட்டு நிரலின் வரிகளையும் கொண்ட தொழில்நுட்பக் கைந்நூலையும் ஐ.பி.எம். விற்பனைக்கு வைத்தது. 1982 இன் இறுதியில் கொம்பாக் கம்பனி இதனோடு இயைபுடைய இயந்திரத்தை அறிவித்தது. பின்னர் பல நாடுகளில் எண்ணற்ற கம்பனிகள் ஒரே வகையான கணினியை வெவ்வேறு பாகங்களால் ஆக்கலாயின.

முதலாவது தனியாள் கணினியின் தாய்ப்பலகையில் எட்டெட்டு ஆளிகள் கொண்ட இரு தொகுதிகள் இருந்தன. நினைவகம் எவ்வளவு, வட்டியக்கிகள் எத்தனை என்பதைப் பயனாளர் அவ்வாளிகளை மேலுங் கீழுமாக நகர்த்தி இயந்திரத்துக்கு அறிவித்தார். 1984 இல் வந்த ஏ.ரி. மாதிரியில், மின்கலத்தால் உயிர்பெற்றிருந்த சிறு நினைவகம் இச்செய்தியைத் தாங்கியது. ஆனால் அறிவித்தவர் இன்னும் மனிதரே. புதிய அட்டையொன்றைப் பொருத்துவோர், அதற்கு வேண்டிய இடைமறிப்புத் தடத்தை வேறெந்தச் சாதனமும் பற்றியிருக்கவில்லை என்பதைத் தாமே உறுதிசெய்ய வேண்டும். இரண்டு அட்டைகள் ஒரே தடத்தைக் கோரின், ஒன்றோ இரண்டுமோ இயங்கா. சிலவேளை இயந்திரமே உறைந்துபோகும்.

பல கம்பனிகளின் பாகங்கள் ஒரு பேழைக்குள் கூடியபொழுது, முழு இயந்திரத்தையும் அறிந்தவர் என எவரும் இல்லாதுபோயினர். போட்டிச் சந்தை உற்பத்தியைச் சிதறடித்தது; சிதறிய அறிவை ஒன்றுசேர்க்கும் வேலை கூலியின்றிப் பயனாளர்மீது சுமத்தப்பட்டது. உள்ளமைப்பை அறியும் உதவிச் செய்நிரல்கள் இம்முரண்பாட்டிலிருந்தே பிறந்தன. டொஸ் முறைமையில் வட்டைச் சோதிக்கும் கட்டளையே நினைவகத்தின் அளவையும் சேர்த்துக் கூறியது. 1988 இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் நினைவகத்துக்கெனத் தனிக் கட்டளை இடம்பெற்றது. 1990களின் முற்பகுதியில் விண்டோஸ் 3.1, டொஸ் 6 ஆகியவற்றோடு 'எம்எஸ்டி' என்னும் ஆய்வுச் செய்நிரல் வழங்கப்பட்டது. நுண்செயலி, நினைவகம், காட்சித்திரை, இடைமறிப்புத் தடங்கள் ஆகியன அனைத்தும் அதன் ஒரே திரையிலிருந்து அணுகத்தக்கனவாயின.

அச்செய்நிரலின் நோக்கத்தையும் கருத வேண்டும். அது தரும் அறிக்கையை அச்சிட்டு, உதவி வழங்கும் தொழில்நுட்பவியலாளரிடம் சேர்ப்பித்தல் அதன் முதன்மைப் பயன்களுள் ஒன்றாகும். கண்ணுக்குத் தெரியாத இயந்திரத்தைத் தொலைபேசியின் மறுமுனையிலிருந்து பழுதுபார்க்க வேண்டியிருந்த கம்பனிக்கு அவ்வறிக்கை தேவைப்பட்டது. கம்பனியின் தேவைக்காக ஆக்கப்பட்ட அக்கருவியே, பயனாளர் தமது இயந்திரத்தை முதன்முதலாக முழுமையாகக் கண்ட கண்ணாடியாகவும் அமைந்தது. இவ்விரு தன்மையும் இக்கருவிகளின் பிறப்பிலேயே உள்ளன.

1995 ஓகஸ்ட் 24 இல் வெளிவந்த விண்டோஸ் 95, பொருத்தியதும் இயங்கும் முறையைக் கொணர்ந்தது. ஒவ்வொரு சாதனமும் தன்னை ஆக்கியவரின் எண்ணையும் தனது எண்ணையும் தானே கூறும். முறைமை அதற்கேற்பத் தடங்களைப் பகிர்ந்தளிக்கும். 'சாதன முகாமையாளர்' எனப்படும் அட்டவணையில் பழுதுபட்ட சாதனத்தின் அருகே மஞ்சள் நிறத்தில் வியப்புக்குறி தோன்றும். விண்டோஸ் 98 உடன் இன்றைய 'எம்எஸ்இன்போ32' பரவலாயிற்று. ஆளிகளை நகர்த்திய கை ஓய்வுபெற்றது. கூடவே, அக்கை பெற்றிருந்த அறிவும் மெல்ல மறையலாயிற்று.

5. அகச்சான்றும் தன்கூற்றும்

இக்கருவிகள் தரும் செய்தி எத்தகைய சான்று என்பதை ஆராய்தல் அவசியம். இலக்கிய ஆராய்ச்சியில் ஒரு நூலின் காலத்தை அகச்சான்று கொண்டும் புறச்சான்று கொண்டும் துணிவோம்; நூலைப் பற்றிப் பாயிரம் கூறுவதை மட்டும் கொண்டு எதனையும் முடிவு செய்வதில்லை. கணினியிலும் இதனையொத்த வேறுபாடு உண்டு.

தொடக்ககால நிரலாளர் ஒரு நுண்செயலி எத்தலைமுறையைச் சார்ந்தது என்பதை அதன் நடத்தையைக் கொண்டே துணிந்தனர். கொடிப் பதிவேட்டின் சில பிற்றுகளை மாற்றிப் பார்த்து, அவை மாறினவா அல்லவா என்பதிலிருந்து 8086 இனை 286 இலிருந்து பிரித்தறிந்தனர். இது அகச்சான்று. 1993 இல் பென்டியம் செயலியோடு 'சிபியூஐடி' என்னும் கட்டளை வந்தது. அதன்பின் செயலி தன்னைப் பற்றித் தானே கூறிற்று. இன்டெல் செயலி 'ஜெனுயின்இன்டெல்' என்றும் ஏ.எம்.டி. செயலி 'ஓதென்டிக்ஏஎம்டி' என்றும் பன்னிரண்டு எழுத்துகளில் விடையிறுக்கும். இரண்டும் 'உண்மையான' என்னும் பொருள்பட நின்றமை, வணிகச் சின்னப் போட்டி சிலிக்கனுக்குள்ளேயே எழுதப்பட்டமைக்குச் சான்றாகும்.

தன்கூற்றை நடத்தையோடு ஒப்பிடாது நம்புதலின் விளைவுகளை இரு நிகழ்ச்சிகள் உணர்த்தும். 1994 இல், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பேர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியரான தோமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்கள் பற்றிய தமது கணிப்பிற் சிறு பிழைகள் வருவதைக் கண்டு, பென்டியம் செயலியின் வகுத்தற் சுற்றிலேயே குறை உண்டு எனத் துணிந்தார். 4195835 என்பதை 3145727 ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், குறையுள்ள செயலி 1.33374 எனக் கூறிற்று. இவ்வொரு கணக்கை எவரும் தம் கணினியிற் செய்து பார்க்கலாம், பலர் செய்தனர். கடுமையான கணிப்புச் செய்வோருக்கு மட்டுமே செயலியை மாற்றித் தருவோம் என முதலிற் கூறிய இன்டெல் கம்பனி, 1994 டிசம்பர் 20 இல் கேட்போர் அனைவருக்கும் மாற்றித் தர இணங்கியது. இதன் பொருட்டு அது 47.5 கோடி டொலரைச் செலவாகக் கணக்கிற் காட்டியது. தன்னை உண்மையானது எனக் கூறிய செயலிக்கு வகுக்கத் தெரியவில்லை என்பதை நடத்தையே வெளிப்படுத்தியது.

இரண்டாவது நிகழ்ச்சி இதன் மறுதலை. நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் இன்டெல் கம்பனியின் தொகுப்பியால் ஆக்கப்பட்ட நிரல்கள், இயங்கும்பொழுது செயலியின் பெயரை வினவி, அது இன்டெல் செயலி அல்லாதவிடத்து விரைவான வழியை விடுத்து மெதுவான வழியைத் தேர்ந்தன. வேற்றுக் கம்பனிச் செயலிக்கு அவ்விரைவான வழியில் இயங்கும் திறன் இருந்தபொழுதும் அவ்வாறு நிகழ்ந்தது. இன்டெல்லுக்கு எதிராக அமெரிக்க மத்திய வணிக ஆணைக்குழு 2009 இல் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு விடயமாயிற்று. 2010 ஆம் ஆண்டு இணக்கத்தின்படி, தனது தொகுப்பி இவ்வாறு வேறுபடுத்துகிறது என்பதை இன்டெல் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. உள்ளமைப்பை அறியும் வினாவே போட்டியாளனை ஒடுக்கும் கருவியாகலாம் என்பதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எனவே 'எம்எஸ்இன்போ32' தரும் அட்டவணையை வாசிப்பவர், அது பாகங்கள் தம்மைப் பற்றிக் கூறியவற்றின் தொகுப்பே என்பதை மறத்தலாகாது. போலியான நினைவுத் தண்டுகள் தம்மிடம் இல்லாத கொள்ளளவைக் கூறுவதும், முறைமை அதனை அப்படியே ஒப்புவிப்பதும் சந்தையில் அடிக்கடி காணப்படுவன. எழுதி நிரப்பி மீள வாசித்துப் பார்த்தபின்னரே உண்மை வெளிப்படும்.

6. வினாவின் திசைமாற்றம்

1990களில் பெருங் கம்பனிகளின் மேசைகளில் ஆயிரக்கணக்கான கணினிகள் குவிந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சென்று பார்ப்பது செலவு மிக்கது. 1992 இல் கணினிக் கம்பனிகள் கூடி, மேசைக் கணினிகளைத் தொலைவிலிருந்து முகாமை செய்வதற்கான நியமங்களை வகுக்கும் குழுவொன்றை அமைத்தன. தாய்ப்பலகையின் தொடரிலக்கம் முதல் நினைவகத் துண்டுகளின் இடம்வரை ஒரே வடிவில் எழுதிவைக்கும் அட்டவணை முறையும் இம்முயற்சிகளின் விளைவாகும். இன்று 'சிஸ்டம்இன்போ' காட்டும் செய்திகளில் ஒரு பகுதி அவ்வட்டவணையிலிருந்தே பெறப்படுகிறது. அக்கட்டளைக்கு ஒரு தெரிவைச் சேர்த்து வேறொரு கணினியின் பெயரைக் கொடுத்தால், உரிய அதிகாரம் உடையவருக்கு அத்தொலைக் கணினியின் உள்ளமைப்பும் தெரியவரும். மேசையில் இருப்பவர் கேட்பதற்கும் முகாமை கேட்பதற்கும் கருவி ஒன்றே.

இம்முறை தொழில்நுட்பவியலாளரின் வேலையை உண்மையாகவே எளிதாக்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயின் கேட்பவர் யார் என்பது மாறியபொழுது கேள்வியின் பொருளும் மாறியது. 1999 இல் இன்டெல் கம்பனி, பென்டியம் 3 செயலி ஒவ்வொன்றிலும் மென்பொருள் வாசிக்கத்தக்க தனித் தொடரிலக்கம் இருக்கும் என அறிவித்தபொழுது, அந்தரங்க உரிமை இயக்கங்கள் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தன. எதிர்ப்பின் பயனாக அது அடுத்த தலைமுறைச் செயலிகளில் இடம்பெறவில்லை. ஆனால் 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இந்நோக்கை வேறு வழியில் நிறைவேற்றியது. பத்து வன்பொருட் கூறுகளின் செய்திகளைச் சுருக்கி ஓர் அடையாளம் ஆக்கி, மென்பொருட் பிரதியை அவ்வடையாளத்தோடு பிணைத்தது. பாகங்களைப் போதிய அளவு மாற்றியவர் மீண்டும் கம்பனியின் அனுமதியைப் பெறவேண்டியவரானார். முப்பது ஆண்டுகளுக்கு முன் பெருங்கணினியின் தொடரிலக்கத்தோடு பிணைந்திருந்த உரிமம் வீட்டு மேசைக்கு வந்துசேர்ந்தது.

2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10, சாதனங்களின் உள்ளமைப்பும் இயக்கமும் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து கம்பனிக்கு அனுப்பியது. சாதாரணப் பதிப்புகளில் அதனை முற்றாக நிறுத்தும் தெரிவு இருக்கவில்லை. பிரெஞ்சு நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016 யூலையில் மைக்ரோசொப்ட் கம்பனிக்கு முறைப்படி எச்சரிக்கை விடுத்தபின் சேகரிப்புக் குறைக்கப்பட்டது. 2017 இல் அந்நடவடிக்கை முடிவுற்றது.

கம்பனி கேட்கும் வினாக்கள் பெருகிய இதே காலத்திற் பயனாளருக்கு விடையளிக்காத பகுதியும் இயந்திரத்துள் வளர்ந்தது. ஏறத்தாழ 2008 முதல் இன்டெல் துணைச்சில்லுத் தொகுதிகளில் முகாமைப் பொறி எனப்படும் தனிச் சிறு கணினி உள்ளடக்கப்பட்டு வருகிறது. அது பிரதான செயலிக்குப் புறம்பாக, கணினி அணைந்திருக்கும்பொழுதும் மின்னிணைப்பு இருக்குமாயின் இயங்கவல்லது. சாதன முகாமையாளரில் அதன் இடைமுகம் ஒரு வரியாகத் தெரியும். அதனுள் இயங்கும் நிரல் தெரியாது. அதன் பதினொராம் பதிப்பு முதல் உள்ளே இயங்குவது மினிக்ஸ் என்பது 2017 இல் ஆய்வாளர் வாயிலாகப் பரவலாக அறியவந்தது. தம்மிடம் சில மாற்றங்களைக் கேட்ட கம்பனி அவை எதற்கென்று கூறவில்லை என்பதை தனென்பாம் ஒரு பகிரங்கக் கடிதத்திற் குறிப்பிட்டார். மாணவர் வாசித்தறியட்டும் என எழுதப்பட்ட முறைமை, உலகெங்குமுள்ள கோடிக்கணக்கான இயந்திரங்களில் எவரும் வாசிக்க இயலாத அறையில் இயங்கலாயிற்று. இதனை விதியின் விளையாட்டு எனக் கொள்ளற்க. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றியதை வெளியிட வேண்டியதில்லை என்னும் உரிமத்தின் கீழ் அது வழங்கப்பட்டிருந்தது. பொதுவுடைமையான அறிவைத் தனியுடைமை உள்ளீர்த்துக்கொள்ளும் வழி அதுவே.

7. கழிக்கப்படும் இயந்திரங்கள்

இவ்வரலாறு அன்றாட வாழ்வில் எத்தகைய விளைவை உடையது என்பதை அண்மை நிகழ்ச்சியொன்று காட்டும். 2021 ஒக்டோபர் 5 இல் விண்டோஸ் 11 வெளியிடப்பட்டது. நம்பகத் தளச் சில்லின் இரண்டாம் பதிப்பும், கம்பனி வெளியிட்ட பட்டியலில் அடங்கிய நுண்செயலியும் அதற்கு வேண்டப்பட்டன. அவ்வாண்டு யூனில், தமது கணினி தகுதியுடையதா எனப் பயனாளர் அறிதற்கெனக் கம்பனி ஒரு சோதனைச் செய்நிரலை வழங்கிற்று. அது பலருக்குத் 'தகுதியில்லை' என்ற தீர்ப்பை மாத்திரம் கூறிற்று, காரணம் கூறவில்லை. கண்டனம் எழவே அது மீளப்பெறப்பட்டு, பின்னர் காரணங்களுடன் வெளியிடப்பட்டது.

இடைப்பட்ட காலத்திற் சிலர் வேறு வழியை நாடினர். பணிசெயல் முறைமையிலேயே உள்ள 'டிபிஎம்' முகாமைத் திரையைத் திறந்தும், இயந்திரத்தின் தொடக்க அமைப்புத் திரையைப் பார்த்தும், வேண்டப்பட்ட நம்பக வசதி தம் கணினியில் ஏற்கெனவே உண்டு, அது முடக்கப்பட்டே வந்துள்ளது என்பதைக் கண்டனர். அதனை இயக்கியதும் தீர்ப்பு மாறியது. வினாவத் தெரிந்தவரின் கணினி தகுதி பெற்றது; தெரியாதவரின் கணினி கழிக்கப்படும் பொருளாயிற்று. வேறு பலருடைய கணினிகள் பட்டியலில் இல்லாத செயலியைக் கொண்டிருந்தமையால் எவ்வழியாலும் முறைப்படி தகுதி பெறவில்லை. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவும் நிறைவுற்றது.

பாதுகாப்பின் பொருட்டு இத்தகைய சில்லுகள் வேண்டும் என்னும் வாதம் பொருளற்றதன்று. திருட்டும் மறைகுறி மீறலும் மெய்யான ஆபத்துகள். ஆனால் எது போதிய பாதுகாப்பு, எது பழைய இயந்திரம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் விற்பனையாளரிடமே குவிந்திருப்பது வேறு விடயம். இறக்குமதியாகும் கணினிகளையே நம்பியிருக்கும், 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடியைக் கண்ட எமது நாட்டில், இயங்கும் இயந்திரமொன்றைக் கழிப்பதா, லினக்ஸை நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவதா என்பது பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் சிறு அச்சகத்துக்கும் பணமாகவே உணரப்படும் வினாவாகும். நினைவகம் எவ்வளவு, செயலி எத்தலைமுறை, வட்டு எவ்வகை என்ற மூன்று செய்திகள் அத்தீர்மானத்துக்கு அடிப்படை. அம்மூன்றையும் பெறுவதற்கு ஒரு கட்டளை போதும். அக்கட்டளை இருப்பது பலருக்குத் தெரியாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உள்ளமைப்பை அறியும் கருவிகள் மூன்று கட்டங்களில் மூன்று வகையான உறவுகளைப் பிரதிபலித்தமை தெளிவாகும். வாடகைக் காலத்தில் இயந்திரம் உடைமையாளருக்கே விடை கூறியது. உதிரிப்பாகச் சந்தையின் காலத்தில், சிதறிய அறிவைச் சேர்க்கும் சுமையோடு சேர்ந்து, வினாவும் வாய்ப்பும் பயனாளருக்குக் கிட்டியது. மூலதனம் மீண்டும் ஒருமுகப்பட்ட காலத்தில், அதே கருவி வெளிநோக்கித் திரும்பி, பயனாளரைப் பற்றிக் கம்பனிக்கு அறிவிக்கலாயிற்று. இக்கட்டங்கள் ஒன்றையொன்று முற்றாக அழித்துவிடவில்லை. இன்றைய கணினியொன்றிலே மூன்றும் அடுக்கடுக்காக உள்ளன.

யுனிக்ஸ் வழிவந்த மரபு இவற்றுக்கு மாற்றாக நிலைத்துள்ளது. 'எல்எஸ்பிசிஐ' கட்டளை சாதனங்களின் எண்களைப் பெயர்களாக மாற்றுதற்குப் பயன்படுத்தும் அட்டவணை, பலநாட்டுத் தொண்டர்கள் அனுப்பிய செய்திகளால் வளர்ந்ததாகும். கம்பனிகள் பல வெளியிடாது விட்ட பெயர்களைக் கூட்டுழைப்பு ஒன்றுதிரட்டியது. ஆயினும் மினிக்ஸின் கதை உணர்த்துவதுபோல, திறந்த மூலநிரல் தன்னளவிலே பாதுகாப்பாகாது. யார் வாசிக்கிறார்கள், வாசித்தவற்றை வைத்து என்ன செய்யும் நிலையில் இருக்கிறார்கள் என்பவற்றையும் பொறுத்தே அதன் பயன் அமையும்.

கணினிக் கல்வி என்ற பெயரில் எமது பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவருக்குக் கற்பிக்கப்படுவதிற் பெரும்பகுதி, குறித்த கம்பனிகளின் செய்நிரல்களை இயக்கும் பயிற்சியே. தட்டெழுதவும் அட்டவணை அமைக்கவும் கற்கும் மாணவர், தம் முன்னுள்ள இயந்திரத்தை வினாவவும், அது கூறும் விடையை அதன் நடத்தையோடு ஒப்பிட்டு ஐயுறவும் கற்றல் வேண்டும். லயன்ஸின் மாணவர் ஒரு முறைமை முழுவதையும் வாசித்தனர். இன்றைய முறைமைகளின் கோடிக்கணக்கான வரிகளை எவரும் தனித்து வாசித்தல் இயலாது. ஆனால் அறிக்கையை வாசிக்கலாம். அதில் இல்லாதது எது என்று கேட்கலாம். அவ்வறிக்கை வேறு யாருக்குச் செல்கிறது என்றும் கேட்கலாம். முதலிரண்டும் தனியாள் முயற்சியால் நிறைவேறும். மூன்றாவதற்கு விடை பெறச் சட்டமும் இயக்கமும் வேண்டும். 1999 இல் அறிவிக்கப்பட்ட தொடரிலக்கம் பின்னர் கைவிடப்பட்டதும், 2016 இன் எச்சரிக்கைக்குப் பின் சேகரிப்புக் குறைக்கப்பட்டதும் அவ்வழியிலேயே நிகழ்ந்தன.